ஒன்பதுகூரையின் நூற்றுப்பன்னிரண்டு பேர்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு நாடு இருந்தது. அதன் பெயரைக் கேட்காதீர்கள். எனக்குச் சொன்னவரும் சொல்லவில்லை. அந்த நாட்டு ராஜா நல்லவர்தான். ஆனால் அவர் தலையில் ஒன்று ஏறிவிட்டால், அது இறங்கும்வரை அரண்மனையில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ஒரு வருஷம் கிளிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மறு வருஷம் பட்டத்து யானைகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்றார். இந்தக் கதை நடந்த வருஷம் தேசப்படத்தின் மேல் பைத்தியம் பிடித்தது.

அதற்குக் காரணம் ஓர் அயல்நாட்டுத் தூதர். அவர் ஒரு துணிப்படத்தை விரித்துக் காட்டி, "எங்கள் நாட்டில் ஊருக்கு ஒரு வண்ணம். எந்த ஊரில் எந்த மக்கள் என்று எங்கள் ராஜா கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொள்வார்" என்று பெருமையடித்துவிட்டுப் போனார். நம் ராஜாவுக்குப் பொறுக்குமா? மறுநாளே அவை மண்டபத்துச் சுவர் நீளத்துக்குத் துணி கட்டியாயிற்று, ஓவியர் வந்தாயிற்று. தெலுங்கர் ஊருக்குச் சிவப்பு, கன்னடர் ஊருக்கு மஞ்சள், அரபு வழிவந்த சோனகர் ஊருக்குப் பச்சை, கடலோரப் பரதவர் ஊருக்கு நீலம், மலைக்குடிகளின் ஊருக்குக் காவி. மற்றவர்களுக்கும் இப்படியே ஆளுக்கொரு வண்ணம். ஆறு மாதத்தில் எண்ணூறு ஊர்களும் நிறைந்தன. ஒரே ஓர் ஊர் மட்டும் கடுகளவு வெள்ளைப் புள்ளியாக நின்றது.

"அது என்ன, ஈ எச்சமா?" என்று கேட்டார் ராஜா.

"இல்லை அரசே, அது ஒன்பதுகூரை" என்று முன்னால் வந்து நின்றார் ஓலைநாயகம் அனந்தசயனர். அரண்மனை ஓலைகளுக்கெல்லாம் பொறுப்பாளர் அவர். அவர் மூன்று நாழிகை ஓலை வாசித்தால் ராஜா கொட்டாவி விடுவார். அவை விகடன் மதாறு ஒரு வாய் பேசினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பன்னிரண்டு வருஷமாக இந்த எரிச்சல் அனந்தசயனரின் நெஞ்சுக்குள் புகைந்துகொண்டிருந்தது. "நம் விகடனின் சொந்த ஊர்தான். அங்கே எல்லாரும் கலந்து கிடக்கிறார்கள். எந்த வண்ணமும் ஒட்டாது. படத்துக்கு அது ஒரு கறை. எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. அந்த ஊரைக் கலைத்துவிடலாம். தெலுங்கனைத் தெலுங்கர் ஊருக்கும், சோனகனைச் சோனகர் ஊருக்கும் அனுப்பிவிட்டால், அந்தப் புள்ளியைப் பக்கத்து ஏரியோடு சேர்த்துப் பூசிவிடலாம்."

"பேஷ்! அடுத்த பௌர்ணமிக்குள் ஆகட்டும்" என்றார் ராஜா. படம் முடியப்போகிறது என்ற சந்தோஷம் அவருக்கு.

ஒன்பதுகூரை கலைந்துபோனால் மதாறுவுக்கு இந்த உலகத்தில் திரும்பிப் போக ஒரு வாசல் இல்லை.

அந்த ஊரைப் பற்றி நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ராஜாவின் கொள்ளுத்தாத்தா ஒரு பெரிய ஏரி வெட்டினார். கரைக்குக் கல் அடுக்கத் தெலுங்குக் கல்வேலைக்காரர் வந்தார்கள். கரை மண்ணை மிதித்து இறுக்க எருமைகளோடு கன்னடக்காரர் வந்தார்கள். மடைக்குள் மூழ்கி வேலை செய்யக் கடற்கரையிலிருந்து பரதவர் வந்தார்கள். மரம் இறக்க மலைக்குடிகள் வந்தார்கள். இரும்புக்கும் குதிரைக்கும் சோனகர் வந்தார்கள். ஏரி நிறைந்ததும் மற்றவர்கள் திரும்பிப் போக, மடையைக் காக்க ஒன்பது குடும்பங்கள் மட்டும் தங்கின. ஒன்பது வீட்டுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து மூன்று தலைமுறை ஆயிற்று. இப்போது மொத்தம் நாற்பத்தொரு பேர், அரண்மனையில் இருக்கும் மதாறுவையும் நேற்றுப் பிறந்த குழந்தையையும் சேர்த்து.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பிறந்தால் பெற்றவர்கள் பெயர் வைக்கக் கூடாது. முறத்தில் கிடத்தி, வேறு மக்களின் வீடு ஒன்றில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்த வீட்டார்தான் தங்கள் பேச்சில், தங்கள் வழக்கப்படி பெயர் வைப்பார்கள். அது அந்தக் குழந்தையின் பேர்வீடு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பேர்வீட்டாரும் கண்விழிக்க வேண்டும். செத்தால் பேர்வீட்டாரும் தீட்டுக் காக்க வேண்டும். பெற்ற வீடு ஒன்று, பேர்வீடு ஒன்று என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு அடுப்பு. எவ்வளவு புத்தியுள்ள வழக்கம் பாருங்கள். எண்ணூறு ஊரிலும் வேறெங்கும் இது கிடையாது.

மதாறு ராஜாவின் முன்னால் வந்து நின்றான். "அரசே, ஆணைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் யாரை எங்கே அனுப்புவது என்று தெரிய வேண்டாமா? முதலில் எண்ணிவிடலாமே."

"நியாயம்" என்றார் ராஜா. "நீ ஒரு பட்டியல் எழுது. ஓலைநாயகமும் ஒன்று எழுதட்டும். எது சரியோ அதன்படி நடப்போம்."

அனந்தசயனர் எழுத்தாணியை எடுத்தார். விகடன் தன் ஊராரில் நாலு பேரையாவது ஒளித்து வைப்பான் என்று அவருக்குச் சந்தேகம். ஆகவே ஆணையை அவரே இறுக்கிப் பிடித்து எழுதி வாசித்தார்: "ஒன்பதுகூரையில் எந்தெந்த மக்கள் எத்தனை பேர் என்று எண்ணுக. எந்த மக்களிலும் ஒருவர்கூட விடுபடலாகாது. விடுபட்டால் எழுதியவர் பதவி இழப்பார்."

"இன்னொரு முறை வாசியுங்கள், ஐயா" என்றான் மதாறு. அவர் வாசித்தார். மதாறு கண்ணை மூடிக் கேட்டான். அந்த ஓலையில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பது அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

அவன் ஊருக்குப் போனபோது, ஏரிக்கரைப் புளியமரத்தடியில் அனந்தசயனரின் கணக்குப்பிள்ளை ஏற்கெனவே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். ஊருக்குள் காலடி வைக்கவில்லை. வெயில் ஜாஸ்தி என்று சொல்லி, ஒவ்வொருவரையும் மரத்தடிக்கு வரச்சொல்லி, பெயரை மட்டும் கேட்டு எழுதினார். பெயரைக் கேட்டால் ஆள் யாரென்று தெரியாதா என்பது அவர் எண்ணம். உச்சிப்பொழுதுக்குள் வேலை முடிந்தது. மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மதாறுவின் அக்கா கெம்பம்மா அந்த ஊரின் மருத்துவச்சி. நாற்பத்தொரு பேரில் பாதிப் பேரைப் பூமிக்குக் கொண்டுவந்த கை அவளுடையது. தம்பி சொன்னதைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஊரைக் கலைக்கிறதா? இது என்னடா, எறும்புப் புத்தா, காலால எத்திவிட?"

"அக்கா, அழறதுக்கு நேரம் இல்ல. ஒவ்வொரு வீட்டுலயும் யாரு யாருக்குப் பொறந்தாங்க, யாருக்கு எது பேர்வீடு, எல்லாம் உனக்குத்தான் தெரியும். சொல்லு, நான் எழுதுறேன்."

"நான் அழுறேன்னு உனக்கு யாரு சொன்னா? எழுது" என்றாள் கெம்பம்மா. அவள் சொல்லச் சொல்ல மதாறு எழுதினான். முடித்துக் கூட்டிப் பார்த்தபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாரும் அரண்மனைக்கு வாங்க" என்று ஊரைக் கூட்டிச் சொன்னான். "யாரும் நடிக்க வேண்டாம், ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். எந்த மக்களைக் கூப்பிட்டாலும், அதுல நீங்க உண்டுன்னா எழுந்து நில்லுங்க. இல்லைன்னா உக்காந்திருங்க. அவ்வளவுதான்."

இரண்டு நாள் நடந்து, நாற்பத்தொரு பேரும் அவை மண்டபத்துக்கு வந்து, அந்தப் பெரிய படத்தின் எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். தங்கள் ஊர் எங்கே என்று தேடினார்கள். வெள்ளைப் புள்ளியை யாரோ காட்டினார்கள்.

அனந்தசயனர் தம் பட்டியலை வாசித்தார். "தெலுங்கர் ஒன்பது, கன்னடர் ஏழு, சோனகர் எட்டு, பரதவர் ஆறு, மலைக்குடிகள் பதினொன்று. ஆக நாற்பத்தொன்று. தலைகளும் நாற்பத்தொன்று. சரியாகப் பொருந்துகிறது, அரசே."

"அழகு! மதாறு, உன் பட்டியல்?"

"தெலுங்கர் இருபத்தாறு, கன்னடர் இருபத்திரண்டு, சோனகர் பத்தொன்பது, மலைக்குடிகள் இருபத்துநான்கு, பரதவர் இருபத்தொன்று. ஆக நூற்றுப்பன்னிரண்டு, அரசே."

அவை கொல்லென்று சிரித்தது. அனந்தசயனர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் கல்யாண வீடாக மலர்ந்தது. "நாற்பத்தொரு பேரை வைத்துக்கொண்டு நூற்றுப்பன்னிரண்டு என்கிறான்! மன்னரின் சமூகத்திலே பொய்க்கணக்கு! இதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது?"

"இரண்டு பட்டியலையும் ஆளைக் கூப்பிட்டுச் சரிபார்த்துவிடுங்கள், அரசே" என்றான் மதாறு. "ஓலைநாயகம் பெரியவர். அவருடையதை முதலில் பார்க்கலாம்."

ராஜா ஓலையை வாங்கிப் பெயர்களை அவரே வாசித்தார். சோனகர் என்று எழுதியிருந்த எட்டுப் பேரும் வந்து ஒரு பக்கம் நின்றார்கள். அந்த எட்டில் மதாறுவும் ஒருவன். அடுத்து கன்னடர் ஏழு பேர் மறுபக்கம் நின்றார்கள். கெம்பம்மா முன்னால் நின்று ராஜாவை நேராகப் பார்த்தாள்.

"யார் இந்த அம்மாள்?" என்று கேட்டார் ராஜா.

"என் அக்கா, அரசே. ஒரே தாய், ஒரே தகப்பன்."

ராஜா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அதே மூக்கு, அதே நெற்றி. "ஓலைநாயகமே! ஒரு வயிற்றில் பிறந்த அக்காள் கன்னடம், தம்பி சோனகமா? நாளைக்கு இவளைத் தெற்கேயும் இவனைக் கிழக்கேயும் அனுப்பச் சொல்கிறீரா?"

அனந்தசயனர் ராஜாவின் கையிலிருந்த ஓலையைக் காட்டினார். "பெயரை வைத்து எழுதியது, அரசே. கெம்பம்மா என்பது கன்னடப் பெயர் அல்லவா? மதாறு என்பது..."

மதாறு பேர்வீட்டு வழக்கத்தை எடுத்துச் சொன்னான். ராஜா ஆர்வமாகக் கேட்டார். "அப்படியானால் உன் பட்டியலையும் பார்ப்போம்" என்று சொல்லி, வாசல்காவலனிடம் ஒரு பித்தளைக் குடத்தையும் ஒரு கூடை புளியங்கொட்டையையும் கொடுத்து, எழுந்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கொட்டை போடச் சொன்னார்.

"தெலுங்கர்!"

இருபத்தாறு பேர் எழுந்தார்கள். குடத்துக்குள் கொட்டைகள் சலசலவென்று விழுந்தன. உட்கார்ந்தார்கள்.

"மலைக்குடிகள்!"

இருபத்துநான்கு பேர் எழுந்தார்கள். அவர்களில் பலர் சற்றுமுன் உட்கார்ந்தவர்கள். ராஜா சிலரை நிறுத்தி, எப்படி என்று கேட்டார். தகப்பனைப் பெற்றவள், தாயைப் பெற்றவர், பேர்வீடு என்று ஒவ்வொருவரும் தயங்காமல் சொன்னார்கள். பரதவர் என்றதும் எழுந்தார்கள், கன்னடர் என்றதும் எழுந்தார்கள், சோனகர் என்றதும் எழுந்தார்கள். கைக்குழந்தைக்காரி எழுந்து எழுந்து உட்கார்ந்து களைத்தே போனாள். கெம்பம்மாவோ ஐந்து தடவையும் உட்காராமலே நின்றாள். குடத்தைக் கவிழ்த்து எண்ணினார்கள். நூற்றுப்பன்னிரண்டு கொட்டைகள்.

"ஏமாற்று, அரசே!" என்று கத்தினார் அனந்தசயனர். "ஒரே ஆளை மூன்று முறை, நான்கு முறை எண்ணியிருக்கிறான்!"

"ஒருவரும் விடுபடலாகாது என்பது தங்கள் எழுத்து, ஐயா" என்றான் மதாறு பணிவாக. "ஒருவரை ஒரு முறைதான் எண்ண வேண்டும் என்று அதில் இல்லை. அதனால்தான் இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். தெலுங்கரை எண்ணும்போது என்னை விட்டால் தெலுங்கரில் ஒருவர் குறைவார். பரதவரை எண்ணும்போது என்னை விட்டால் பரதவரில் ஒருவர் குறைவார். எனக்குப் பதவி வேண்டாமா?"

"அந்தப் பேர்வீட்டை எல்லாம் அடித்துவிடுங்கள், அரசே! பெயர் வைத்தவன் வீடு எப்படி ஒருவனுக்கு இனமாகும்? அது வெறும் பெயர்!"

மதாறு காத்திருந்தது இதற்காகத்தான். "அடித்துவிடலாம், ஐயா. என் பட்டியலில் கொஞ்சம் குறையும். ஆனால் தங்கள் பட்டியல் முழுக்கப் பெயரை மட்டும் வைத்து எழுதியது. அதில் பேர்வீட்டை அடித்தால் மிஞ்சுவது ஓலையும் கட்டின கயிறும்தான். பேர்வீடு செல்லாது என்றால் தங்கள் பட்டியல் வெறுமை. செல்லும் என்றால் என் பட்டியல் சரி. எது வேண்டும், தாங்களே சொல்லுங்கள்."

ராஜாவின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டார். அனந்தசயனர் லேசில் விடுகிற ஆளா? "அப்படியே இருக்கட்டும், அரசே. ஆளுக்கு ஐந்து மக்கள் இருக்கட்டும். ஆனால் ஒருவர் ஓர் ஊரில்தானே வாழ முடியும்? ஒவ்வொருவரும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடட்டும். பிறகு அனுப்பிவிடலாம்."

இது வெறும் பேச்சு அல்ல, நடக்கக்கூடியது என்று எல்லாருக்கும் தெரிந்தது. இதற்கு மதாறுவிடம் தந்திரம் இல்லை.

ராஜா கெம்பம்மாவைப் பார்த்து, "நீ சொல் அம்மா. ஐந்தில் எதை வைத்துக்கொள்கிறாய்?" என்று கேட்டார்.

கெம்பம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மகராசா, என் அப்பனைப் பெத்தவரு தெலுங்கரு. உங்க ஏரிக்கரையில முதல் கல்லு அவரு வச்சது. அவரு கட்டினவ மலைக்காரி. நான் இன்னைக்குப் பிரசவத்துக்குக் கொடுக்கிற பச்சிலை அவ மலையிலேருந்து கொண்டாந்து நட்டது. என் ஆத்தாளைப் பெத்தவரு பரதவரு. மடை அடைச்சுக்கிட்ட வருசம் உள்ள முங்கினாரு. மடை திறந்துச்சு, தண்ணி போச்சு, அவரு உசுரோட மேல வரல. அவரு பொஞ்சாதி சோனக வீட்டுப் பொண்ணு. அதுக்கப்புறம் அந்த மடையை இருபது வருசம் காத்தது அவதான். என்னைப் பெத்துட்டு ஆத்தா சன்னி கண்டு கிடந்தப்போ, மூணு மாசம் எனக்குப் பால் கொடுத்தது பேர்வீட்டுக் கன்னடத்தி. எனக்கு விடத் தெரியல சாமி. விடவேண்டிய நாலு பேரை நீங்களே சொல்லுங்க. அவங்க எல்லாரும் கரையிலதான் அடங்கியிருக்காங்க. நான் போய் ஒவ்வொருத்தர்கிட்டயும், 'மகராசா உன்னை வேண்டாம்னுட்டாரு'ன்னு சொல்லிட்டு வந்துடுறேன்."

ராஜா தினமும் குடிப்பது அந்த ஏரித் தண்ணீர். குடத்தையும் கொட்டைகளையும் பார்த்தார். பிறகு முதலில் தோள் குலுங்கியது, அடுத்து வயிறு குலுங்கியது, கடைசியில் கிரீடம் நழுவ நழுவச் சிரித்தார்.

"கூரை ஒன்பது, தலை நாற்பத்தொன்று, மக்கள் நூற்றுப்பன்னிரண்டு! என் நாட்டில் இப்படி ஓர் ஊர் இருப்பது தெரியாமல் சுவரைப் பூசிக்கொண்டிருந்தேனே! அந்தத் தூதரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அவர் நாட்டில் உண்டா இது? ஓவியரே, அந்த ஊரை யாரும் கலைக்கக் கூடாது. புள்ளியில் ஐந்து வண்ணமும் வையும்."

"கடுகளவு இடத்தில் ஐந்து வண்ணம் பிடிக்காதே, அரசே" என்றார் ஓவியர்.

"பிடிக்கும் அளவுக்குப் பெரிதாக்கும்!"

ஓவியர் பெரிதாக்கினார். ஐந்து வண்ணமும் துலங்கத் துலங்க, ஒன்பது வீடு உள்ள அந்த ஊர் படத்தில் தலைநகரத்தைவிடப் பெரிதாகிவிட்டது. ஒன்பதுகூரைக்காரர்கள் அதைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மதாறுவுக்குப் போட்டார். "ஓலைநாயகமே, இவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. பட்டியல்படி ஆளுக்கொரு பட்டுச் சால்வை, அவரவர் வண்ணத்தில் கொடும்."

"நாற்பத்தொரு சால்வை..." என்று தொடங்கினார் அனந்தசயனர்.

"எந்தப் பட்டியல்படி, அரசே?" என்று மெதுவாகக் கேட்டான் மதாறு.

ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பேச முடியாமல் குடத்தைக் கையால் காட்டினார். கருவூலத்தைத் துடைத்தெடுத்ததில் நூற்றுப்பதினொரு சால்வைகள் தேறின. கெம்பம்மாவுக்குச் சேரவேண்டிய மஞ்சள் ஒன்று குறைந்தது. ராஜாவின் பார்வை மெல்லத் திரும்பி அனந்தசயனரின் தோளில் வந்து நின்றது. அங்கே ஜரிகைக் கரை போட்ட மஞ்சள் பட்டு ஒன்று கிடந்தது. அவர் அதை எடுத்துக் கொடுத்தார்; பதவி போகாமல் இருந்ததே பெரிது, வேறென்ன செய்வார்?

தலைநகர எல்லை வரைக்கும் வழியனுப்ப மதாறு கூடவே நடந்தான். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. சிவப்பு, காவி, நீலம், பச்சை, மஞ்சள் என்று ஐந்து சால்வையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு, வியர்வை ஆறாக ஓட, கெம்பம்மா எல்லாருக்கும் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். மதாறுவுக்குப் பார்க்கவே மூச்சு முட்டியது.

"அக்கா, வெந்து போயிடுவே. ஒண்ணையாவது கழட்டி மடிச்சு வையேன்" என்றான்.

கெம்பம்மா நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எதைடா கழட்டச் சொல்றே?"

அரசவையில் பன்னிரண்டு வருஷமாக யாராலும் அடைக்க முடியாத வாய் அவனுடையது. மதாறு அதை மூடிக்கொண்டு, அவள் பக்கத்தில் நடந்தான்.